சேனல் பட்டனில் ஸ்லைடு மாறிய நாள்

சால்டரிங் புகை எங்காவது மூக்கில் ஏறினால் போதும்... உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பாஸ்கரின் டிவி ரிப்பேர் கடை ஞாபகத்துக்கு வந்துவிடும். கூடவே வயிற்றெரிச்சலும்.

அப்போது நான் அங்கே ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தாளாளர் மேடையில் பேசுவார், பின்னால் திரையில் படம் ஓடும். அவர் “நெக்ஸ்ட்” என்றால் நான் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அதற்காக மேடையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது.

காலனியிலிருந்து போனவனை அந்த ஆபீஸ் அறையில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. மேடையில் மட்டும் உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும். கம்ப்யூட்டர் அங்கேதானே இருந்தது...

பசங்க என்னை ‘நெக்ஸ்ட் அண்ணன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது பிடிக்கவில்லை. டிவி ரிமோட்டிலேயே ஸ்லைடு மாற்றிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செத்துப்போன டிவி ஒன்றிலிருந்து ரிமோட் சிக்னலை வாங்கும் மூன்று கால் சென்சாரைப் பாஸ்கர் கழற்றிக் கொடுத்தான். அதை ஒயரில் பற்றவைத்து கம்ப்யூட்டரின் முதுகில் செருகினேன். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் திரையில் ஒரு நம்பர் வரும். அந்த நம்பருக்கு எதிரே, கீபோர்டின் எந்தக் கீ என்று ஒரு ஃபைலில் எழுத வேண்டும்.

சேனல் ஏற்றும் பட்டனுக்கு முதலில் பேஜ் அப் கொடுத்துவிட்டேன். படம் பின்னால் போனது. மறுநாள்தான் மண்டையில் ஏறி, பேஜ் டவுன் என்று மாற்றினேன்.

“டே... ரிமோட்டு அவரு கைக்குப் பூட்ச்சின்னா உனுக்கு அங்க இன்னா வேல கீது?” என்று பாஸ்கர் கேட்டான்.

பொறாமைப்படுகிறான் என்று நினைத்தேன்.

ஆண்டு விழா. மகன் மேடையில் உட்காருவதைப் பார்க்க, நடவு வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊர் பெருநகரிலிருந்து பஸ் ஏறி அம்மா வந்திருந்தாள். விழா தொடங்கும் முன் ரிமோட்டைத் தாளாளரிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பிரமாதம்டா. அப்போ நீ மேல இன்னாத்துக்கு? கீழ போயி ஜெனரேட்டர பாத்துக்கோ.”

என் நாற்காலியை யாரோ ஒரு விருந்தாளிக்குப் போட்டார்கள்.

அம்மா ஜெனரேட்டர் பக்கம் தேடிக்கொண்டு வந்தாள். “இன்னா நைனா, மேல உக்காருவன்னு சொன்ன... இங்க நின்னுக்கினு கீற?”

“அந்த ரிமோட்ட நான்தாம்மா செஞ்சேன்.”

“நீ செஞ்சதுக்கா உன்ன எறக்கி வுட்டாங்க?”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். அடுத்த மாதம் வேலையும் போனது.

இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். மீட்டிங்கில் ஆளாளுக்கு விரல் அளவு கிளிக்கர். ஸ்லைடு தட்ட ஒரு ஆள் இருந்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

போன மாதம் மேனேஜர் கேட்டார்... மெஷின் ரீடிங்கை நான்கு கான்ட்ராக்ட் ஆட்கள் கையால் எழுதுகிறார்களே, அது தானாகவே சிஸ்டத்தில் ஏற வழி உண்டா என்று. எனக்கு வழி தெரியும். தெரியாது சார் என்றேன்.

எழுதுகிற நான்கு பேரில் ஒருத்தி, தாமல் கிராமத்துப் பெண், “நான் பண்றேன் சார்” என்று முன்னே வந்தாள். ஒரே வாரம். நேற்று ஓட்டிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

“எப்டி கீதுண்ணா?” என்று என்னிடம் ஓடி வந்தாள். அத்தனை சந்தோஷம் முகத்தில்.

“நல்லா கீதும்மா” என்றேன்.

பாஸ்கர் அன்று என்னிடம் கேட்டது வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார்... எனக்கும் வேலை வேண்டுமே.