நில்டாவின் மூன்று பாகச் சுவர்

துங்கி குடும்பத்து வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்த பட்டயம் நில்டாவுடையது. சுற்றுலா வழிகாட்டி, மூன்றாண்டுப் படிப்பு, குஸ்கோ நகரம் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. அம்மா அக்ரிப்பினா அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அடுப்புக்கு நேர் எதிரே மாட்டியிருந்தாள். கறிக்காக வளர்த்து அடுப்படியில் ஓடித்திரியும் கினிப் பன்றிகளைத் தவிர வேறு யாரும் அதைத் தினமும் பார்ப்பதில்லை.

"மூணு வருஷம் அங்க என்னடி கத்துக்கிட்ட?" என்று அம்மா கேட்பாள்.

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லக் கத்துக்கிட்டேம்மா."

"அதுக்கா ரெண்டு மாட்ட வித்தேன்? உங்கப்பன் ஓசியிலயே சொல்லிக் குடுத்திருப்பானே!"

அப்பன் கிழக்கே காட்டுப்பக்கம் தங்கம் சலிக்கப் போனவர். போன இடத்தில் தங்கத்துக்குப் பதில் இன்னொரு குடும்பத்தைச் சலித்தெடுத்துக்கொண்டார். வீட்டில் இப்போது இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு இடுப்பு வலி, மற்றவளுக்குப் பட்டயம்.

நில்டாவின் வேலை, வருகிறவர்களை ஊரிலிருந்து உர்க்கோமார்க்கா இடிபாடுகளுக்கு நடத்திக் கூட்டிப்போவது. ஓடையைத் தாண்டி இரண்டு மணி நேர ஏற்றம். மேலே முற்காலத்தில் அந்த மலைகளை ஆண்ட இன்காக்கள் கட்டிய மதில்கள், கூரை போன வீடுகள், அவற்றின் சுவர்களில் வரிசையாக மாடங்கள். அந்த மாடங்கள் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு கூட்டத்திடம் அவள் முன்னோரின் உடல்களை உட்கார வைத்த இடம் என்றாள். அடுத்த கூட்டத்திடம் சோளம் வைத்த இடம் என்றாள். மனம் உறுத்தி, மூன்றாவது கூட்டத்திடம் "யாருக்கும் தெரியாது" என்று உண்மையைச் சொன்னாள். அவர்கள் முகம் ஆறிப்போன கஞ்சி மாதிரி ஆனது. அன்றிலிருந்து, மழை பெய்து எல்லோரும் அவசரத்தில் இருக்கும் நாட்களில் மட்டுமே உண்மை சொல்வது என்று வைத்துக்கொண்டாள். ஆனாலும் படுக்கும்போது ஒரு கேள்வி வரும்: வீட்டில் யாருக்கும் கிடைக்காத படிப்பு தனக்குக் கிடைத்தது இதற்குத்தானா?

அந்தக் கேள்வியைப் பிப்ரவரி மழை ஓரங்கட்டியது. இடிபாடுகளைத் தாண்டி நூறடி போனால் மலைக்கணவாய். அங்கே பாதையைத் தாங்கி நின்ற சுவர் மழையில் சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. ஊர் கூடியது. வழிகாட்டி வேலை செய்யும் பதினோரு வீடுகளுக்கும் சுவரைப் பங்கு போட்டார் ஊர்த்தலைவர் தெயோஃபிலோ. வீட்டுக்கு மூன்று பாகம் நீளம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அதுவும் தெயோஃபிலோவின் கை, கழுகு சிறகு விரித்தாற்போல் இருக்கும்.

"ஜூன் பத்தாம் தேதி அளப்பேன். யார் வீட்டுப் பங்கு நிக்கலையோ அவங்களுக்கு இந்த வருஷம் முழுக்க முறை கிடையாது. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது" என்றார்.

முறை கிடையாது என்றால் ஒரு வருஷத்துக்கு மலையேற ஒரு ஆளும் கிடையாது. பட்டயத்தைக் கினிப் பன்றிகளுக்குத்தான் காட்ட வேண்டும்.

மண்ணை மேலேயே வெட்டிக்கொள்ளலாம். கல்தான் சிக்கல். இடிபாடுகளின் எல்லைக்குள் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் காவல்காரர் வலேரியானோ விசில் ஊதியபடி வந்துவிடுவார். கல் எல்லாம் கீழே ஓடையிலிருந்து வர வேண்டும். மற்ற வீடுகளில் அண்ணன் தம்பி மச்சான் என்று முதுகுகள் இருந்தன. நில்டா முதல் வாரம் போர்வையில் கட்டி எட்டுக் கல் சுமந்தாள். ஒன்பதாவது கல் சுமக்க முதுகு இடம் கொடுக்கவில்லை.

வழி காட்டியது ஒரு பிரேசில்காரர். கணவாயைக் கடக்கிறவர்கள் கீழிருந்து ஒரு சின்னக் கல்லைக் கொண்டுவந்து மேலே உள்ள குவியலில் வைத்து, களைப்பையும் அதோடு இறக்கிவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பாக்கு அளவு கல் போதும். நில்டா ஓடைக்கரையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்தப் பிரேசில்காரர் பூசணிக்காய் அளவு ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இது போதுமா?" என்று கேட்டார்.

நில்டா அந்தக் கல்லைப் பார்த்தாள். அடிப்பக்கம் தட்டை. மூலைக்கு வைக்கலாம்.

"போதும் சார்," என்றாள். "மலைக்கு ரொம்பப் பிடிக்கும்."

அதன்பிறகு வழக்கம் நாளுக்கு நாள் பெருத்தது. காலையிலேயே ஓடைக்குப் போய் நல்ல கற்களைக் கரையில் எடுத்து வைத்துவிடுவாள். ஆட்கள் வந்ததும் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்து, மலை யாருக்கு எந்தக் கல்லை ஒதுக்கியிருக்கிறது என்று சொல்வாள். அகலமான தோளுக்கு அடிக்கல். ஒல்லியான ஆளுக்கு இடைக்கல். தேனிலவு ஜோடிக்கு இருவரும் சேர்ந்து தூக்குகிற நீளக்கல். காதல் உறுதிப்படும் என்று சொல்லிவைத்தாள். யாரும் வழியில் போட்டுவிடக் கூடாதே என்று கடைசியில் இன்னொன்றும் சேர்த்தாள்: "பாதியில போட்டவங்களுக்கு இறங்கும்போது முட்டி பிடிச்சுக்கும்."

மேலே போனதும் அம்மா கட்டிக்கொடுத்த வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும் கொடுப்பாள். ஆளுக்கு ஒரு குவளை சிச்சா, சோளத்தைப் புளிக்கவைத்த கள், ஊற்றுவாள். தின்றுவிட்டு அவர்களே கல்லை அடுக்கிப் படம் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் இறங்கியபின் இவள் திரும்ப ஏறி மண் வைத்து இறுக்குவாள். ஜூன் பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள் நாற்பத்தோரு பேர். மூன்று பாகச் சுவர் மண்ணும் கல்லுமாக இடுப்புயரம் நின்றது.

நாற்பத்தோராவது ஆள் யோரிஸ். ஹாலந்து நாட்டுப் பள்ளி ஆசிரியர், நெட்டைக் கொக்கு. ஓடையில் நில்டா அவருக்குக் கொடுத்தது உருண்டையான சாம்பல் கல். சுவரில் அவர் வைத்ததோ நான்கு பக்கமும் இழைத்தாற்போன்ற வெள்ளைக்கல். நில்டாவின் கண் அதைப் பார்த்தது. மனம், தான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டது. மிச்சமிருந்த இடைவெளிக்கு அளவெடுத்தாற்போல் உட்கார்ந்திருக்கிற கல்லிடம் போய் ஊர்பேர் விசாரிப்பானேன்?

ஜூன் பத்தாம் தேதி காலை பதினோரு வீட்டாரும் கணவாயில் கூடினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அக்ரிப்பினாவும் வந்துவிட்டாள். தெயோஃபிலோ கையை விரித்து அளந்துகொண்டே வந்து நில்டாவின் பங்கில் நின்றார். உதைத்துப் பார்த்தார். மேலே ஏறிக் குதித்துப் பார்த்தார். சுவர் அசையவில்லை.

"நல்ல வேலை" என்றார்.

"எப்படித் தலைவரே?" என்றான் வில்பெர். அவனும் வழிகாட்டி. மூன்று அண்ணன்கள் இருந்தும் அவன் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. "ஒரு பொம்பளப் புள்ளையும் இடுப்பு ஒடிஞ்ச அத்தையுமா இத்தன கல்லச் சுமந்தாங்க?"

"ஒடிஞ்சது இடுப்புடா, வாய் இல்ல," என்றாள் அக்ரிப்பினா. "உன் சுவரப் பாரு, அஞ்சு மாசம் ஆன மாதிரி இருக்கு. முதல்ல அதுக்கு ஒரு மருத்துவச்சியக் கூட்டிட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தப்பித்திருக்கலாம். ஆனால் காவல்காரர் வலேரியானோ மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு சுவராகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடிபாடுகளில் பெயர்ந்து கிடக்கிற இன்காக் கற்களுக்கு அலுவலகத்தில் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பதினேழாம் எண் ஒரு வாரமாகக் காணவில்லை.

அந்த நேரத்தில் கீழிருந்து ஒரு கொக்கு தடியூன்றி நொண்டி நொண்டி ஏறி வந்தது. யோரிஸ்.

"மன்னிக்கணும்," என்றார் மூச்சு வாங்க, அரைகுறை ஸ்பானிய மொழியில். "நான் மலைக்குப் பொய் சொல்லிட்டேன். பறவை படம் எடுக்க என் கல்லக் கீழ வச்சேன். அது உருண்டு போச்சு. பயந்து, அங்க வீடு பக்கத்துல கிடந்த கல்ல எடுத்தேன். இப்ப ஒரு வாரம், முட்டி..." தடியால் முட்டியைத் தொட்டுக் காட்டினார். "நில்டா சரியாச் சொன்னாங்க. முட்டி பிடிச்சுக்கிச்சு. கல்லத் திரும்ப வைக்கணும்."

வலேரியானோ மெல்ல நடந்து வந்து, சுவரில் அந்த வெள்ளைக்கல்லின் ஓரத்து மண்ணைச் சுரண்டினார். வெள்ளை வர்ணத்தில் ஏழின் வால் தெரிந்தது.

"மலைக்குப் பொய்யா?" என்றார் தெயோஃபிலோ. "இவரு எதுக்கும்மா கல்லு சுமந்தாரு?"

பட்டயத்துக்குப் படித்த எந்தப் பாடமும் நில்டாவுக்கு உதவிக்கு வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பிரேசில்காரர், பூசணிக்காய், தேனிலவு ஜோடி, முட்டி, எல்லாம். அந்த மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு, மழை பெய்யாத நாளில் அவள் சொன்ன முதல் உண்மை அது.

"கூலிக்கு ஆள் வச்சிருக்கா! வச்சிருக்கா!" என்று குதித்தான் வில்பெர்.

"கூலியா?" என்றாள் அக்ரிப்பினா. "எங்கடா கூலி? அவங்கதான்டா காசு குடுத்துச் சுமந்தாங்க!"

முதலில் சிரித்தது வலேரியானோ. பிறகு கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சிரிக்காதது இருவர்: ஊர்ப் பேச்சு புரியாத யோரிஸ், யோசித்துக்கொண்டிருந்த தெயோஃபிலோ.

"கூலி இல்லன்னா ஐனிதான்," என்றார் கடைசியில். ஐனி என்றால் இன்று நீ என் வயலுக்கு வா, நாளை நான் உன் வயலுக்கு வருகிறேன் என்கிற கைமாற்று வேலை. ஊரில் அதற்கு யாரும் மறுப்பு சொல்ல முடியாது. "ஆனா ஐனிக்கு முறை இருக்கு. வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டியா?"

"சோளமும் பாலாடைக்கட்டியும்."

"சிச்சா?"

"ஆளுக்கு ஒரு குவளை."

"அரைக் குவளை," என்றார் யோரிஸ். சிச்சா என்கிற சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அரைக் குவளையும் குவளைதான்," என்று அக்ரிப்பினா அவரை முறைத்தாள்.

தெயோஃபிலோ தொண்டையைச் செருமினார். "அப்ப சுவர் செல்லும். துங்கி வீட்டுக்கு முறை உண்டு."

ஆனால் அவர் முடிக்கவில்லை.

"பதினேழாம் கல்ல உன் கையாலயே சுவர் விழாம உருவணும். அந்த ஓட்டைக்கு ஓடையிலருந்து வேற கல் வரணும். அப்புறம், ஐனின்னா திருப்பிச் செய்யணும். நாப்பத்தோரு பேரு உனக்குச் சுமந்திருக்காங்க. அவங்கல்லாம் கடல் தாண்டிப் போயிட்டாங்க. வந்தவங்களுக்குச் செய்ய முடியாதத வர்றவங்களுக்குச் செய். ஒவ்வொரு நடைக்கும் ஒருத்தரோட பை உன் முதுகுல. நாப்பத்தொன்னு முடியிற வரைக்கும்."

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் யோரிஸ்.

நில்டா அவர் பக்கம் திரும்பினாள். "மலை உங்கள மன்னிச்சிடுச்சாம். ஆனா ஓடையிலருந்து இன்னொரு கல்லு நாம ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டு வரணுமாம்."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். திருந்தி முழுசாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இருவரும் கல்லை உருவி, வலேரியானோ முன்னிலையில் பழைய இடத்தில் வைத்துவிட்டு, ஓடைக்கு இறங்கினார்கள். பாதி வழியில் யோரிஸ் நின்றார். காலை மடக்கினார், நீட்டினார். தடியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வலி போச்சு!" என்றார்.

"நெஜமாவா?"

"சத்தியமா."

அவர் விசிலடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நில்டாவுக்குத்தான் நடை தடுமாறியது. முட்டிக் கதை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை சோளம் கட்டும்போது அவளே இட்டுக்கட்டியது. அது அவளைக் கேட்காமல் எப்படி வேலை செய்கிறது? மற்ற வழக்கங்களும் இப்படித்தான், முதுகு வலித்த யாரோ ஒருத்தி ஒரு காலையில் ஆரம்பித்ததுதானோ? திரும்பி மலையைப் பார்த்தாள். அது வழக்கம்போல் மேகத்தை முக்காடு போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல் நின்றது. ஓடையில் எடுத்த கல்லோடு இருவரும் ஏறும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று கல்லின் தன் பக்கத்தை வழியில் ஒரு முறைகூடக் கீழே வைக்காமல் சுமந்தாள்.

அடுத்த வாரம் அவள் முறை வந்தது. ஆறு பேர். ஓடைக்கரையில் நில்டா, மலையிடம் குறி கேட்கிற கோக்கா இலைகள் மூன்றை விரித்துப் பிடித்து, மலைப்பக்கம் திரும்பி ஊதினாள்.

"இங்க ஒரு வழக்கம் இருக்கு. ஒவ்வொரு நடைக்கும் ஒருத்தரோட பைய வழிகாட்டி சுமக்கணும். யாரோடதுன்னு இலைதான் சொல்லும்."

இலை பேசுவதற்குத் தோதாக ஒவ்வொரு பையையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். ஆறிலும் லேசானது ஒரு ஜப்பானிய அம்மாவின் பச்சைப் பை. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலும் குடையும் இருந்தால் அதிகம்.

"இதுதான்" என்றது இலை.

அந்த அம்மா இரண்டு கையும் கூப்பி, இடுப்புவரை குனிந்து நன்றி சொன்னாள். ஒரு நிமிஷம் என்று பையை வாங்கிக்கொண்டு ஓடைப்பக்கம் போய்த் திரும்பி வந்து கொடுத்தாள். நில்டா முதுகில் மாட்டினாள். முழங்கால் மடங்கியது.

"என்னம்மா இது, உள்ள என்ன?"

"கல்லு," என்றாள் அந்த அம்மா முகமெல்லாம் மலர. "நேத்து விடுதியில வில்பெர் சொன்னாரு. மலைக்குப் பெரிய கல்லுதான் பிடிக்குமாமே? நல்ல பெருசாப் பாத்து எடுத்துட்டேன். வழியில கீழ வச்சா முட்டி பிடிச்சுக்குமாம், பாத்து வாங்க."