ரெண்டாம் குதிரை

உலகத்தில் இதுவரை குதிரை ஏறியவர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, இதில் ஆகப் பெரிய வீரன் யார் என்று கேட்டால், உக்குவளையில் மிளகுச் சாக்குகளுக்கு நடுவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பவாஸ் நானாவைத்தான் காட்ட வேண்டியிருக்கும். பனிமலை, பாலமில்லாத ஆறு, ஓநாய்க் கூட்டம், எதுவும் அவரை நிறுத்தியதில்லை. ஒரு கை மவுஸில் இருக்கும், மறு கையில் மாரி பிஸ்கட் இருக்கும். நிஜக் குதிரையை நுவரெலியாவில் ஒரே ஒரு தடவை சந்தித்திருக்கிறார். அது தும்மியதும் வேனுக்குள் ஏறிக் கண்ணாடியையும் மூடிக்கொண்டாராம்.

அவர் ஏறுவது கொம்பியூட்டர் குதிரை. அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் தெருவில் அதை முழுதாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை, நான் உட்பட. குதிரை கேம் என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஒரு ஆள் குதிரையில் உப்பு, மாவு, விறகு எல்லாம் ஏற்றிக்கொண்டு மலை ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். கதை அவ்வளவுதான். முதல் பாகத்துக்கு முதல் குதிரை என்று பெயர். பிறகு வந்தது ரெண்டாம் குதிரை.

பவாஸ் நானா மிளகு வாங்குகிறவர். காலையில் பைக்கில் தொங்கு தராசைக் கட்டிக்கொண்டு கிளம்பி, ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் நின்று, "மிளகு இருக்கா, கராம்பு இருக்கா, சாதிக்காய் இருக்கா" என்பார். சிங்கள வீடென்றால் "கம்மிரிஸ் தியனவத" என்பார். உள்ளேயிருந்து ஒரு அம்மா சுளகில் கொண்டு வருவார். நானா ஒரு மிளகை எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்து, "இன்னும் ஒரு வெயில் காயணும்" என்பார். காயாவிட்டாலும் வாங்கிக்கொள்வார். தராசை மாமரக் கிளையில் கொழுவி நிறுத்து, சாக்கில் கொட்டிக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார். ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம், சில நாள் லக்கல வரைக்கும்கூடப் போவார். எந்த வீட்டில் எத்தனை மிளகுக் கொடி என்று அவருக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குள் உட்காரக் கதிரை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரியாது.

ஒருநாள் குரலை மாற்றி அவருக்கு போன் எடுத்தேன். "லக்கலயிலேருந்து பேசுறேங்க. எங்க மிளகு மூட்டைய ஆன தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன். "ஆன எந்தப் பக்கம் போச்சு? அதுக்கிட்டயே வெல பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். இந்த மனிதரிடம் விளையாடுவது கஷ்டம்.

மழைக்கு அவருடைய ஸ்டோர் முன்னால் ஒதுங்கினால் தொலைந்தீர்கள். முதல் குதிரையைவிட ரெண்டாம் குதிரை எப்படித் திறமானது என்று கேட்டுவிட்டுத்தான் போக முடியும். கராம்பு விற்க வந்த அழகாயி அக்கா அப்படி ஒருநாள் மாட்டினார்.

"முதலாவதுல சாமான் ஏத்தினாலும் ஏத்தாட்டியும் குதிர ஒரே மாதிரி ஓடும். ரெண்டாவதுல பாரம் வச்சா மேட்டுல மூச்சு வாங்கும். எறங்கி நடக்கணும்."

"அப்ப ரெண்டாவதுல கஷ்டந்தானே கூட?"

"அதுதான் தங்கச்சி, முன்னேற்றம்."

அழகாயி அக்கா வானத்தைப் பார்த்தார். மழை விடுகிற மாதிரி இல்லை.

"முதலாவதுல ஒரு மனுசன் ரோட்டோரம் நிப்பான். எப்ப போனாலும் 'நல்ல வெயில்'ண்டு சொல்லுவான். மழையில நனஞ்சிக்கிட்டும் நல்ல வெயில்ண்டுதான் சொல்லுவான். ரெண்டாவதுல மழ பேஞ்சா ஓடிப்போய் ஒதுங்குறான். நாயும் அப்பிடித்தான். மொதல்ல குலைக்கும், நாலஞ்சு தரம் போனா வால ஆட்டும். எல்லாத்தையும்விட இந்தக் கதவு. முதலாவதுல கதவெல்லாம் சுவத்துல கீறின படம். ரெண்டாவதுல எந்தக் கதவத் தட்டினாலும் தொறக்கும்."

"தொறந்து என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தரமாட்டாங்க. வாங்கண்டு சொல்லுவாங்க."

"அதுக்கா நானா இவ்வளவு கரண்டு செலவழிக்கிறீங்க?" என்று அழகாயி அக்கா மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

உம்மா மௌத்தான பிறகு வீட்டில் அவர் மட்டும்தான். வீடு பின்னால், ஸ்டோர் முன்னால். எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மதில்தான். அதனால் அவருடைய இருமல் எல்லாம் எங்களுக்குப் பாடம். தங்கச்சி றிஸ்மியா கல்ஹின்னையில் இருக்கிறார். பெருநாளுக்கு வருவார், பிரிட்ஜைத் திறப்பார், மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் துடைப்பார், திட்டுவார். "நானா, இந்தக் கொம்பியூட்டர வித்துப்போட்டு ஒரு மனுசியப் பாருங்க" என்பார். "ரெண்டுக்கும் ஒரே வெல இல்லயே" என்பார் இவர். தங்கச்சி சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிடுவார். மறுநாளிலிருந்து மதிலுக்கு இந்தப் பக்கம் குதிரைக் குளம்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அவர் அந்த விளையாட்டை விளையாடுகிற விதம் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. கதவைத் தட்டுகிற பட்டனை அமத்தும்போதே வாயால் ஸலாம் சொல்வார். கதவு திறந்து உள்ளே இருக்கிற வெள்ளைக்காரத் தாத்தா ஆங்கிலத்தில் என்னவோ சொல்வார். நானா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். திறக்காவிட்டால் மறுபடி ஸலாம், மறுபடி தட்டு. மூன்றாவது தடவைக்குப் பிறகு குதிரையைத் திருப்பிவிடுவார்.

"நெட்ல எல்லாரும் குதிரைய விட்டுக் கதவ ஒதைக்கிறாங்க நானா" என்றேன்.

"அது அவங்கட உம்மா வாப்பா சொல்லிக் குடுக்காத கொற. மூணு தரம் ஸலாம் சொல்லணும். பதில் இல்லாட்டித் திரும்பிடணும். உள்ள இருக்கிறவங்களுக்கு என்ன வேலயோ, என்ன கவலயோ."

இப்படித் திரும்பித் திரும்பி வந்த வீடு ஒன்றே ஒன்றுதான். மலை உச்சியில், நீலக் கதவு போட்ட ஒரு சின்ன வீடு. அங்கே ஏறிப் போகக் குதிரையே அழும். எத்தனையோ தடவை போய்த் தட்டியும் அது திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நெட்டில் தேடிப் பார்த்தேன். அந்த வீடு சும்மா அழகுக்காம். உள்ளே ஒன்றும் கிடையாதாம். கேம் செய்தவர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். சொன்னேன். நானா ஒத்துக்கொள்ளவில்லை.

"கொடியில உடுப்புக் காயுது பாத்தியா?"

"ஆமா."

"மழ வந்தா அந்த உடுப்பக் காணோம். வெயில் வந்தா திரும்பக் காயுது. எடுக்கிறதுக்கும் போடுறதுக்கும் உள்ள ஒரு ஆள் இருக்கத்தானே வேணும்?"

தோற்கிற இடத்தில் நான் சேட்டைதான் செய்வேன். வாசலில் உப்பு வைத்தால் திறக்குமாம் என்றேன். ஒரு மூட்டை உப்பை மேலே ஏற்றி வைத்தார். விறகு வைத்தால் திறக்குமாம் என்றேன். விறகு ஏற்றினார். மழை விட்ட கையோடு தட்ட வேண்டுமாம் என்றேன். மழைக்காகக் குதிரையை மரத்தடியில் நிறுத்திக் காத்திருந்தார். கடைசியில் அந்த நீலக் கதவுக்கு முன்னால் உப்பும் விறகும் மாவும் குவிந்து ஒரு கூட்டுறவுக் கடை மாதிரி ஆகிவிட்டது. பையன்களுக்குச் சொல்லி நான் சிரித்ததும் உண்மைதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை லக்கலயிலிருந்து நனைந்து வந்தார். அன்றைக்கு மிளகு கிடைக்கவில்லை. சேர்ட்டைக்கூட மாற்றாமல் கொம்பியூட்டரைப் போட்டார். மலை ஏறினார், இறங்கி நடந்தார், உச்சிக்குப் போனார். மூன்று ஸலாம் சொன்னார். திறக்கவில்லை. வழக்கம் போலக் குதிரையைத் திருப்புவார் என்று பார்த்தேன். திருப்பவில்லை. குதிரையைக் கட்டிவிட்டு, அந்த வீட்டுப் படியில் தன் ஆளை உட்கார வைத்தார். ரெண்டாம் குதிரையில் அப்படி உட்காரலாம். திரையில் அந்த ஆள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். இங்கே இவர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சேர்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரொம்ப நேரம் எந்தப் பட்டனையும் அமத்தவில்லை.

"றிஸ்மியா சொல்றதுதான் சரி போல" என்றார். "இத வித்துடலாம்."

"ஏன் நானா?"

"ஆள் இல்லாத வீடுண்டா பரவாயில்ல. ஆள் இருந்தும் தொறக்கலண்டா, நம்மள வேணாம்ண்டுதானே அர்த்தம்."

கொம்பியூட்டரை நிறுத்தி, அதன்மேல் ஒரு பழைய துவாயையும் போட்டு மூடினார். அடுத்த நாளும் துவாய் அப்படியே கிடந்தது. அதற்கடுத்த நாளும் மதிலுக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம் இல்லை. எங்கள் அம்மாவே, "பவாஸுக்கு ஒடம்பு சரியில்லயா, போய்ப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார். காய்ந்த மிளகைத்தான்.

என் அத்தை மகள் தனுஷா மாத்தளையில் கொம்பியூட்டர் படிக்கிறாள். அவளிடம் போனேன். இந்தக் கேமுக்கு ஆட்கள் சொந்தமாக வீடும் ஆளும் செய்து சேர்க்கிறார்களாம். "ஒரு கதவு தொறக்கிறது பெரிய வேலயில்ல. உள்ள யார வைக்கிறது?" என்று கேட்டாள். யாரையாவது வை என்றேன். "என்ன பேசணும்?" என்றாள். அதை நானே எழுதினேன். அந்தக் கேமுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தேன். போனில் நாங்கள் எழுதுகிற மாதிரித்தான்.

வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆவுக்குப் போகும்போது, "ஸ்டோரப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். துவாயை எடுத்து, தனுஷா தந்ததை ஏற்றி, துவாயை மறுபடி போட்டேன். அவர் திரும்பி வந்ததும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நானா, குதிரைக்குப் புதுசா என்னவோ விட்டிருக்காங்களாம். அந்த நீலக் கதவு இப்பத் தொறக்குதாம்."

"யாரு சொன்னது?"

"யூடியூப்ல சொன்னான்."

தொப்பியைக் கழற்றி மடித்து சேர்ட் பைக்குள் வைத்தார். சோற்றைச் சாப்பிட்டார், சாப்பிட்ட கோப்பையைக் கழுவினார். பிறகு துவாயை எடுத்தார்.

அன்றைக்கு அவர் மலை ஏறினதை நான் மறக்கமாட்டேன். பாரம் ஒன்றும் ஏற்றவில்லை. அப்படியும் மேட்டில் இறங்கி நடந்தார். கொடியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் உப்பும் விறகும் வைத்தது வைத்தபடி கிடந்தன. ஒரு ஸலாம் சொல்லித் தட்டினார். திறக்கவில்லை. இரண்டாவது ஸலாம். ஒன்றுமில்லை. தனுஷாவை மனதுக்குள் கெட்ட வார்த்தையால் திட்டினேன். நானா கையைக் கொஞ்ச நேரம் மவுஸிலிருந்து எடுத்து, சாரத்தில் துடைத்துக்கொண்டு, திரும்ப வைத்தார். குரலைத் தாழ்த்தி மூன்றாவது ஸலாமைச் சொன்னார்.

கதவு திறந்தது.

உள்ளே, அதே கேமில் மலைக்குக் கீழே உள்ள ஊர்ச் சந்தையில் முட்டை விற்கிற பொம்பளை நின்றாள். தனுஷா கைக்குக் கிடைத்த ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறாள். முட்டைக் கூடையைக் கழற்றிவிடக்கூடத் தனுஷாவுக்குத் தெரியவில்லை. கூடையோடு நின்றபடி அந்த வெள்ளைக்காரப் பொம்பளை வாயை அசைத்தாள். கீழே எழுத்து வந்தது. நானா முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தம் போட்டு வாசித்தார்.

"வ அலைக்கும் ஸலாம் நானா. உள்ள வாங்க. ப்ளேன்டி குடிக்கிறீங்களா?"

கூரைத் தகரத்தில் ஒரு புளியங்காய் விழுந்து உருண்டது. நான் சுவரில் தொங்கிய பழைய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு தடவை வாசித்தார், இந்தத் தடவை சத்தமில்லாமல். பிறகு மெதுவாகத் தன் ஆளை வாசலைத் தாண்டி உள்ளே கூட்டிப் போய், அங்கே இருந்த கதிரையில் உட்கார வைத்தார்.

"நிரஞ்சன்" என்றார்.

"என்ன நானா?"

"கேக்கிறாங்கதானே. போய்த் தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வா. எனக்குச் சீனி கொறச்சிப் போடு."

கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. காலால் மட்டும் ஒரு மிளகுச் சாக்கை இழுத்து, நான் உட்காரத் தன் கதிரைக்குப் பக்கத்தில் போட்டார்.