எங்கூட்டுக் குப்பை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் திடீரென்று பூமியின் மேல் பாசம் வந்துவிட்டது. லிஃப்டுக்குள் பச்சை நிறத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பிளாஸ்டிக் வேண்டாம், துணிப்பை கொண்டு போங்கள், தண்ணீரை வீணாக்காதீர்கள். நல்ல விஷயம்தான். கொஞ்ச நாளில் இலைப் படம் போட்ட புதுத் துணிப்பை வீட்டுக்கு வீடு வந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து. வீட்டில் கிடக்கிற பழைய பைகளை என்ன செய்வது என்று நோட்டீஸில் இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் கேரள எல்லையில் தமிழ் பேசுகிற பெருமாட்டிப் பக்கம். அவருடைய முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு பாலக்காடு டவுனுக்கு வந்தோம். அரிசி கழுவின தண்ணீர் செடிக்கு, துணி அலசின தண்ணீர் கக்கூஸுக்கு, கிழிந்த வேட்டி அடுப்படிக்கு என்றுதான் என் குடித்தனம் ஓடும். கோடையில் கிணறு காய்கிற ஊரில் பிறந்தவளுக்கு இதையெல்லாம் நோட்டீஸ் ஒட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைமாடி மூலையில் என் டிரம்கள் இருந்தன. காய்த்தோல், வாழைப்பூ மடல், காய்ந்த இலை எல்லாம் அதற்குள் போகும். மக்கிக் கறுத்த பிறகு கையில் அள்ளினால் மழை பெய்த மண்ணின் வாசம் அடிக்கும். அதைப் போட்டுத்தான் அவரைக்கொடியும் தக்காளியும் வளர்த்தேன். இந்தக் கட்டடத்தில் எனக்கென்று இருந்தது அந்த மூலை ஒன்றுதான்.

டிரம்மில் இருந்ததற்கு எங்கள் பேச்சில் குப்பை என்று பேர். சாணமும் தழையும் மக்கினால் குப்பை. காட்டுக்குக் குப்பை அடிப்பது என்றால் நிலத்துக்கு எரு போடுவது. குப்பைமேடு பெரிதாக இருக்கிற வீட்டுக்கு யோசிக்காமல் பெண் கொடுப்பார்கள்.

அசோசியேஷன் கூட்டத்தில் மொட்டைமாடியை அழகுபடுத்தப் போவதாகவும், டிரம்களை எடுத்துவிட வேண்டும் என்றும் செக்ரட்டரி சொன்னார். எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன்.

"எடுக்கண்டா சாரே. எங்கட வீட்டில் நல்ல குப்பை உண்டு. எல்லா வீட்டுக்கும் கொறச்சு கொறச்சு தராம்."

மலையாளத்தில் குப்பை என்றால் வெறும் கழிவு. அது வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டிரம்மை எடுக்க வேண்டாம், எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் நல்ல எரு தருகிறேன் என்று நான் சொன்னது, எங்கள் வீட்டு அழுக்கை உங்கள் வீட்டில் கொட்டுகிறேன் என்று அவர்கள் காதில் விழுந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. அவர்கள் சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. எழுந்து ஒரு வார்த்தை விளக்கினால் போதும், என் டிரம்கள் பிழைத்துவிடும். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்து, தோள் குலுங்க.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"ஏனுங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எல்லாருஞ் சிரிக்கையில நா மட்டும் என்னத்தப் புள்ள சொல்லட்டும்? மானம் போகுது. உட்டுப்போடு."

கல்யாணமான புதிதில் வண்டி கட்டிக் குப்பை அடித்துவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் என்னிடம் காபி வாங்கிக் குடித்த மனுசன். அப்போதெல்லாம் போகாத மானம் இப்போது எங்கிருந்து வந்து போகிறதோ தெரியவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, மொட்டைமாடியில் டிரம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் டிரம்களைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவரைக்கொடியை வேரோடு பிடுங்கியிருந்தார்கள், பூவும் பிஞ்சுமாக. அந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறது. போட்டோவில் நல்ல பச்சையாக விழுகிறதாம். லிஃப்டில் யாராவது, "சேச்சி, குப்பை உண்டோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்கிற இவர் செல்போனைப் பார்ப்பார்.

போன வாரம் அசோசியேஷனில் வீட்டுக்கு ஒரு செடியும், அதற்குப் போட ஒரு பாக்கெட்டும் கொடுத்தார்கள். இவர்தான் போய் வாங்கிவந்தார். பால்கனியில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்தார்.

"நல்ல சரக்கு புள்ள. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். என் டிரம்மின் வாசம், அதில் பாதிதான்.

"இது என்னதுங்க?"

"கம்போஸ்டு."

"நம்மூருல இதுக்கு என்ன பேருங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பின்பக்கத்தைப் படித்தார்.

"கம்போஸ்டுன்னுதான் போட்டிருக்குது" என்றார்.