கீழ்நாட்டுக்குப் போன கிரேக்கர்

என்னைப் போல வரலாறு எழுதுகிற ஒருத்தி ஜவ்வாது மலையில் அதற்கு முன் பிறந்ததில்லை. இனிமேலும் பிறக்காமல் இருந்தால்தான் கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடுகளுக்கு நல்லது என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். எல்லாம் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் செய்த வேலை.

அந்தப் புத்தகத்தில் ஒரு கிரேக்கர் வந்தார். தூதராக வந்து, கங்கைக் கரையில் ஆண்ட பெரிய அரசனின் அவையில் தங்கி, அரசன் எப்படி, நகரம் எப்படி, சனங்களின் வழக்கங்கள் எப்படி என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர். நகரத்தைச் சுற்றி மரத்தாலேயே மதிலாம். அரசன் வழக்கு விசாரித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் கட்டையால் அவன் உடம்பைத் தேய்த்துவிடுவார்களாம். இத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு நல்ல பெயர் இருந்திருக்கும். மனுசன் நிறுத்தவில்லை. தங்கம் தோண்டும் எறும்புகள் உண்டு, வாயே இல்லாத ஒரு கூட்டம் உண்டு, அவர்கள் சுட்ட கறியின் வாசனையையும் பூ வாசனையையும் மூக்கால் இழுத்தே உயிர் வாழ்கிறார்கள் என்றும் எழுதிவிட்டார். கண்ணால் பார்த்ததை வைத்துக்கொள்ள வேண்டும், இந்த மாதிரிக் கதைகளைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும் என்று டீச்சர் சொன்னார். எனக்கு அடிக்கச் சொன்ன கதைகள்தான் ரொம்பவும் பிடித்திருந்தன.

அந்த வருடம்தான் சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். எனக்குத் தலை வாரி, பேன் பார்த்து, என் வீட்டுப்பாடத்தையும் பாதி எழுதித் தருவாள். சித்தியின் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் சாமைச் சோற்றுப் பானையை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்காருவோம். அப்பாவும் அம்மாவும் எழுந்து கை கழுவிய பிறகும் சித்தி பானையைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். அப்பா கிண்டல் செய்தால், சுரண்டுவதை நிறுத்தாமலே சிரிப்பாள்.

மாப்பிள்ளைக்குச் சந்தவாசல் பக்கத்தில் ஓர் ஊர். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில். சொந்த டிராக்டர், மாடி வீடு. மலையிலிருந்து அப்படியொரு இடத்துக்குப் பெண் போவது சாதாரணமா? அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்களில் பையன் வீட்டைப் பார்க்கப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் போவார்கள், சாப்பிடுவார்கள், சரி என்று சொல்லிவிட்டு வருவார்கள். வெற்றிலை மாற்றும்வரை பெண் தனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். மாற்றிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. காலம் முழுக்க அந்த வீட்டில் இருக்கப் போகிறவள் மட்டும் அதுவரை அந்த வாசலை மிதிக்கக் கூடாது. என்ன நியாயமோ! என்னைப் போன்ற சிறுமிகள் மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

புறப்படும் காலையில் சித்தி ஒரு நோட்டையும் பேனாவையும் என் கையில் திணித்தாள்.

"ஆம்பளைங்க வந்து கறி நல்லா இருந்துச்சுன்னு சொல்வாங்க. நீ எல்லாத்தையும் பாத்து எய்திக்கினு வா. நான்தான அந்த வூட்ல இருக்கப் போறேன்?"

எனக்கு வேறென்ன வேண்டும்? அப்பாவும் மாமாவும் தூக்குப்பையில் தேனும் சாமை அரிசியும் கொண்டுபோனார்கள். நான் தூதராகப் போனேன். பஸ் வளைவுகளில் இறங்கும்போதே முதல் பக்கத்தில் அரசன், நகரம், வழக்கங்கள் என்று மூன்று தலைப்புகள் போட்டாயிற்று.

போய் இறங்கியதும் அரசன் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முட்டி வலி. மூத்த மருமகள் கீழே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிட, அந்தம்மா அப்பாவிடம் பேசிக்கொண்டே, டிராக்டர் எங்கே போக வேண்டும், ஆடு எந்தப் பக்கம் மேய வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தில் படித்தது அப்படியே கண்முன்னால் நடந்ததில் எனக்குப் புல்லரித்துவிட்டது. நகரம் என்ற தலைப்பில் மாடி, குழாய்த் தண்ணீர், பிரிட்ஜ் எல்லாம் எழுதினேன். மாப்பிள்ளை நல்ல உயரம், கேட்டால்தான் பேசுவார் என்றும் எழுதினேன்.

வழக்கங்கள் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்காக மூத்த மருமகளின் பின்னாலேயே சுற்றினேன். அந்த அக்கா ஒல்லியாக இருந்தார். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போது கரண்டியில் எடுத்து ருசி பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு உப்புப் போட்டார். எனக்கு உடனே அந்த வாயில்லாத கூட்டம் நினைவுக்கு வந்தது. முதலில் ஆண்கள் சாப்பிட்டார்கள், அவர்களோடு நானும். பிறகு மாமியார், பிறகு மாமியாரின் தங்கை, பிறகு பக்கத்து வீட்டார். அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தார். சட்டி காலியானதும் அதில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தார். அவர் எப்போது சாப்பிடுவார் என்று சமையலறை வாசற்படியிலேயே காத்திருந்தேன்.

என்னைப் பார்த்துவிட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் மூடி வைத்திருந்த ஒரு கிண்ணத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கொஞ்சம் சோறு, ஒரு துண்டு ஈரல். தூதருக்குத் தனி மரியாதை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு முழுவதிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க சித்தி நல்லா சாப்புடுவாளா?"

"ரெண்டு தட்டு சாப்புடுவாங்க" என்றேன். அக்கா லேசாகச் சிரித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனார். நான் நோட்டைத் திறந்து எழுதினேன்: 'இந்த நாட்டில் வாசனையை மட்டும் உண்டு உயிர் வாழும் ஒருத்தியைக் கண்டேன். இவளுக்கு வாய் இருக்கிறது. ஆனால் சாப்பிடுவதில்லை.' கிரேக்கரே வாயில்லாதவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதைத்தான் எழுதினார். நான் கண்ணால் பார்த்தேன், அதுவும் பஸ் ஏறுகிற வரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோர் நடுவிலும் நின்று வாசித்தேன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்த இடத்தில் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். கடைசி வரி வந்தபோது அப்பாவின் முகம் மாறிவிட்டது. சோறு போட்ட வீட்டைப் பற்றி இப்படியா புளுகுவாய் என்று நோட்டைப் பிடுங்கப் போனார். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்கேல் வைத்து அந்த வரியை நேராக அடித்துவிட்டேன்.

பிறகு சித்தி என்னைப் புளியமரத்தடிக்கு அழைத்துப்போனாள். அடித்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இத்த ஏண்டி எய்துன?"

பார்த்ததை எல்லாம் சொன்னேன்: முகர்ந்தது, சட்டியைக் கவிழ்த்தது. அந்த அக்கா உன்னிடம் என்ன பேசினாள் என்று சித்தி கேட்டாள். சித்தி நல்லா சாப்பிடுவாளா என்று கேட்டார், ரெண்டு தட்டு என்றேன், சிரித்தார் என்றேன். சித்தி நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தனக்கு அந்த இடம் வேண்டாம் என்று சித்தி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். வீடு இரண்டுபட்டது. மாடி வீட்டையும் டிராக்டரையும் உதறுகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எவ்வளவு கேட்டும் சித்தி காரணம் சொல்லவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே! என் புளுகுதான் கல்யாணத்தைக் கெடுத்தது. சித்தியின் மடியில் விழுந்து, பொய் எழுதிவிட்டேன், இனிமேல் எழுதவே மாட்டேன் என்று அழுதேன். சித்தி என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"நீ பாத்ததத்தானடி எய்துன" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்துச் செங்கத்தில் ஒரு தையல்காரருக்குச் சித்தியைக் கொடுத்தார்கள். வாடகை வீடு. இப்போதும் நான் போனால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். சித்தப்பா கை கழுவிய பிறகும் சித்தி சட்டியைச் சுரண்டுவாள். அந்தச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது. எல்லோருக்கும் பரிமாறி முடிப்பதற்குள் ஒரு பிடி சோற்றையும் ஒரு துண்டு ஈரலையும் அரிசி டின்னுக்குப் பின்னால் யாருக்காக ஒளித்து வைத்திருந்தார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. ஆண்களோடு உட்கார்ந்து வயிறு முட்ட ஏற்கெனவே தின்றிருந்தேன். எனக்குப் பசியே இல்லை. கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, அவர் சாப்பிடுவதே இல்லை என்று எழுதினேன்.