ஆளில்லாத வீடுகள்

பல்கலைக்கழகத்தில் நிலைபேறான சமூகத் திட்டமிடல் படித்த நான்கு வருடமும் வகுப்பில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தேநீர் குடிக்கப் போனால் என்னையும் கூப்பிடுவார்கள். ஆனால் என் சிங்களம் கடையில் சாமான் வாங்க மட்டும் போதுமானது. பகிடி எனக்கு விளங்குவதற்குள் அவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். போகப் போக நானாக எவரிடமும் பேச்சுக் கொடுப்பதை விட்டுவிட்டேன். சமூகத்துக்குத் திட்டம் போடப் படிக்கிறவளின் இலட்சணம் அது.

இறுதி வருடம் ஆளுக்கொரு கிராமத்துக்குத் திட்டம் வரைய வேண்டும். நான் உடப்பு என்ற மீனவக் கிராமத்தை எடுத்தேன். புத்தளத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து முந்தலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ஜூலை மாதம். கடற்காற்று வரைபடத் தாளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கரையோர ஒழுங்கைகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. திறந்திருந்த வீடுகளும் இருந்தன. கதவைத் தட்ட எனக்குக் கூச்சம். பூட்டிய வீடுகளுக்கெல்லாம் மஞ்சள் பூசி, ‘ஆளில்லாதவை’ என்று எழுதினேன். அந்த இடங்களில் பூங்காவும் நூலகமும் வரைந்தேன். விரிவுரையாளர் அதை முழு வகுப்புக்கும் தூக்கிக் காட்டினார். அன்று பின்னேரம் வரை எல்லோரும் என்னுடன் கதைத்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜனவரியில் திட்டத்தை ஊராருக்குக் காட்ட உடப்பு வாசிகசாலைக்குப் போனேன். உட்கார இடமில்லாத சனம். ஒரு பெண் வரைபடத்தின் மஞ்சளில் விரலை வைத்தார்.

“தங்கச்சி, இது எங்கட வீடெல்லோ?”

“பூட்டிக் கிடந்தது, அக்கா.”

“ஆடியில வந்தீங்களா? அப்ப இங்க கடல் மோசம். பிள்ளைகுட்டியோட முல்லைத்தீவுக்குத் தொழிலுக்குப் போயிருப்பம். ஐப்பசியிலதான் திரும்பி வருவம். பக்கத்து வீட்டில ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னேன். அடிக்குறிப்பு ஒன்று போட்டால் போதும், திரும்ப அளந்து வரைந்தால் இந்த வருடம் பட்டம் கிடைக்காது என்றார். வீட்டில் வாப்பா என் பட்டமளிப்புக்குப் போடவென்று தனக்குப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து துரத்தப்பட்டவர் அவர். அங்கே அவருடைய வீட்டு வளவு ஆளில்லாமல் கிடந்ததால் யாரோ வரைந்த அரசாங்க வரைபடத்தில் அது இப்போது காடு. அதை மாற்றச் சொல்லி வருடக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

“ஒருத்தரிட்டயும் கேக்காமலா கீறின?”

“ஓம் வாப்பா.”

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை.

“நம்மட வளவக் காடெண்டு கீறினதும் ஒன்னப் போல ஒரு நல்ல புள்ளயாத்தான் இருக்கும், மகள்.”

அந்த வருடம் என் வகுப்பு நானில்லாமல் பட்டம் வாங்கியது.