அத்தை வீட்டுத் தண்ணீர்

அக்கா வீட்டுக்குப் போய்வருகிறவர்கள் மாங்காயோ முருங்கைக்காயோ கொண்டுவருவார்கள். என் அப்பா சேறு கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் நாங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். தண்ணீரிலும் மண்ணிலும் நஞ்சு இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது அப்பாவின் வேலை. செங்கல்பட்டுப் பக்கம் பாலாற்றங்கரையில் இருந்த அத்தைக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுதான் அவர்களுக்குக் குடிநீர். அதில் இறங்கி அப்பா தண்ணீரையும் சேற்றையும் புட்டிகளில் அடைத்தபோது, "இதுக்காடா உன்ன படிக்க வச்சோம்?" என்று சிரித்தார்.

அடுத்த முறை போகும்போது, அத்தை வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அப்பா பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். ஏன் என்றேன். "சொன்னா கேளு" என்றார். பெரியவர்களின் காரணங்களெல்லாம் இந்த அளவில்தான் இருந்தன.

வாசலில் கால் வைத்ததும் அத்தை சொம்பை நீட்டினார். அக்கா தரும் தண்ணீரை வேண்டாமென்றால் எங்கள் குடும்பத்தில் உறவே வேண்டாமென்று அர்த்தம். அப்பா தயங்கினார். பிறகு அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, ஊத்துத் தண்ணியில விஷம் கலந்துகீது. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். இனிமே யாரும் குடிக்காதீங்க. அதுவும் உன் பொண்ணு, இந்த நேரத்துல..." என்றார். அத்தை மகள் நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாடா சொல்ற? இப்பதான நீயே ஒரு சொம்பு குடிச்ச!"

அத்தை சிரித்தபடியே ஒரு டம்ளரில் மொண்டு என் கையில் கொடுத்தார். அப்பாவே குடித்தாகிவிட்டது, இனி தடை இல்லை என்று நினைத்து வாயருகே கொண்டுபோனேன். அப்பா பாய்ந்து வந்து தட்டிவிட்டார். டம்ளர் உருண்டோடியது. பாவாடையெல்லாம் தண்ணீர். அதுவரை அவர் என்மேல் கை வைத்ததே இல்லை. ஓவென்று அழுதேன்.

அத்தையின் சிரிப்பு நின்றுபோனது. அப்பாவைப் பார்த்தார், பிறகு மகளின் வயிற்றைப் பார்த்தார். உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிவந்து தெருவில் கவிழ்த்தார்.

அவ்வளவு தண்ணீரையும் கொட்டுகிற அளவுக்கு என்மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் புடவையைப் பிடித்து இழுத்து, "நான் குடிக்கவே இல்ல அத்தை, கொட்டாத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.