சுகுமாரன் வரையாத பத்து விரல்கள்

“ஒரு தடவ பாத்தா போதும் மச்சான். ரெண்டாவது தடவ பாக்கிறவன் ஓவியன் இல்ல, போலீஸ்காரன்.”

ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில், ஆறிப்போன தே தாரிக் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, ஓவியரும் சிற்பியும் பள்ளி வேன் ஓட்டுநருமான சுகுமாரன் வெளியிட்ட பிரகடனம் இது. கேட்டவர் ஒரே ஒருவர்: நண்பர் தர்மேந்திரன். அவரும் அப்போது ரொட்டிச் சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கலை உலகின் முக்கிய அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் உரிய மரியாதை இல்லாமல் போய்விடுகின்றன.

சுகுமாரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டம் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளாக மாறியபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. கலைக் கல்லூரி எதன் வாசலையும் அவர் மிதித்ததில்லை. அதைக் குறையாக அல்ல, பட்டமாகச் சொல்லிக்கொள்வார். பெயரட்டையில் ‘தானே கற்றவர்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தார். வண்ணத்தை வாரி இறைத்துவிட்டு ‘நவீனம்’ என்பவர்களை அவருக்குப் பிடிக்காது. அவருக்கு வேண்டியது பழைய ஐரோப்பியப் பாணி: தசை, நரம்பு, இருட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் வெளிச்சம். பிள்ளைகளை ஏற்றி இறக்கி முடித்ததும் வேனைத் தெருவில் நிறுத்திவிட்டுக் கார் போர்ச்சில் வரைய உட்காருவார். அங்கே சிமெண்டால் செய்த ரோமானிய வீரர் ஒருவரும் உண்டு. அவர் தோளில்தான் சுகுமாரனின் மனைவி பிரமிளா தரை துடைக்கும் துணியைக் காயப்போடுவார்.

கற்றதெல்லாம் ஒரே புத்தகத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் வாங்கிய, மனித உடம்பை வரையச் சொல்லித்தரும் தடித்த ஆங்கிலப் புத்தகம். தலை, கழுத்து, முதுகு, தொடை, பாதம் என்று பதினொரு வருடம் பக்கம் பக்கமாக வரைந்து பழகினார். நடுவில் இருபது பக்கங்களை முந்தைய சொந்தக்காரர் யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார். போனது கைகளைப் பற்றிய பாடம்.

சுகுமாரன் படைத்த மனிதர்களுக்குக் கை தெரியாமல் போன வரலாறு இதுதான். கை இல்லாமல் இல்லை, எங்கேயோ இருக்கும். ரோமானிய வீரர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். ரப்பர் பால்மரம் வெட்டும் பெண்ணின் கைகள் வாளிக்குப் பின்னால். குழல் ஊதுபவர் குழலைத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைப் போர்வைக்குள் விட்டிருந்தார். ஈப்போ வெயிலில் அவருக்கு மட்டும் அப்படி என்ன குளிரோ!

“உங்க படத்துல எல்லாரும் எதையோ திருடிட்டு நிக்கிற மாதிரியே இருக்காங்க,” என்றார் பிரமிளா.

“அது மர்மம். கிளாசிக்கல்ல அப்படித்தான் லா.”

யாருக்கும் தெரியாமல் முயன்றும் பார்த்தார். முதல் கை இஞ்சித் துண்டுபோல் வந்தது. அடுத்தது வாழைச்சீப்பு. மூன்றாவதில் விரல் ஆறு. தன் இடது கையை எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கலாம்தான். ஆனால், மாமாக் கடையில் அப்படிப் பிரகடனம் செய்துவிட்ட மனிதர் எந்த முகத்தோடு இரண்டாம் தடவை பார்ப்பது? கையின்மேல் துணி வரைந்து மூடினார். துணி மடிப்பில் அவரை மிஞ்ச பேராக் மாநிலத்தில் ஆளில்லை. அத்தனை பயிற்சி.

இந்த நிலையில்தான், அவர் வேனில் போகும் இரண்டு சிறுமிகளின் அம்மா தினேஸ்வரி ஒரு வேலை கொடுத்தார். அவர் தாயார் முத்தம்மாவுக்கு அறுபது வயது. பிறந்தநாள் விழாவுக்கு அவர் ஓவியம் வேண்டும்.

முத்தம்மா பிள்ளை பெற்ற பெண்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுபவர். பச்சைப் பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுபவர். முப்பது வருடமாகத் தமிழ் வீடு, மலாய் வீடு, சீன வீடு எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

“கைய எப்படி வச்சுக்கட்டும் தம்பி?” என்று கேட்டார், தன் வீட்டில் படத்துக்கு உட்கார்ந்ததும்.

“எப்படின்னாலும் வைங்கக்கா. நான் மொகத்ததான் பாக்கிறேன்.”

பதினைந்து நிமிடம் பார்த்தார். ஒரே தடவை. எழுந்து வந்துவிட்டார்.

விழா தாமான் மண்டபத்தில். திரையை விலக்கியதும் கைதட்டல் அடங்க வெகு நேரமானது. முகம் அச்சு அசல் முத்தம்மா. அரசியைப்போல் உட்கார்ந்திருந்தார். மடியில் தடித்த வெள்ளைத் துண்டு. அதன் ஒவ்வொரு மடிப்பும் அற்புதம். அதன் அடியில் இரண்டு கைகளும் பத்திரமாக இருந்தன.

நிரோஷா என்ற வழக்கறிஞர், முத்தம்மா குளிப்பாட்டி வளர்த்த இரட்டைப் பிள்ளைகளின் தாய், கிட்டே போய்ப் பார்த்தார்.

“அக்கா கை எங்க?”

“துண்டுக்குள்ள இருக்கு லா, தூக்கிப் பாருங்க,” என்றார் தர்மேந்திரன். மண்டபம் சிரித்தது.

நிரோஷா சிரிக்கவில்லை. “இந்த ஊர்ல பாதிப் பேரத் தூக்கின கைங்க அது. அதப் போய் மறைச்சிட்டீங்களே?”

மர்மத்தைப் பற்றிச் சொல்ல சுகுமாரன் வாயைத் திறந்தார். துண்டின் மடிப்பைப் பார்த்து முழித்தார். அப்போது முத்தம்மாவின் குரல் கேட்டது.

“தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் மறைச்சிருங்கன்னு சொன்னேன். மூட்டெல்லாம் வீங்கி, பாக்கவா நல்லா இருக்கு?” சொல்லிக்கொண்டே கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் சுகுமாரனைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். “ஆமா. அக்கா ஆசப்பட்டாங்க.”

அதோடு விஷயம் முடிந்தது. மண்டபம் பிரியாணிக்குப் போயிற்று. கலைஞரின் மானம் முழுசாகக் காப்பாற்றப்பட்டது.

தினேஸ்வரி அவருக்குத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். “எனக்கு ஒண்ணுதான் புரியலண்ணே. படத்துக்கு உக்காரணும்னு அம்மா ரெண்டு நாளு எலுமிச்சம்பழம் போட்டுக் கையத் தேச்சாங்க, நகத்துல மஞ்சக் கறை போகணும்னு. அப்புறம் ஏன் மறைக்கச் சொன்னாங்க?”

சுகுமாரன் பிரியாணியில் கை வைத்தார். அந்தக் கையைப் பார்த்தார். தட்டை அப்படியே நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தார்.

அடுத்த நான்கு நாள், முத்தம்மா வீடு இருக்கும் தெருவுக்குள் வேன் நுழையவில்லை. ‘ரோடு சரியில்லை’ என்று சொல்லி, முத்தம்மாவின் பேத்திகளை முச்சந்தியில் வந்து நிற்கச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் தன் சொந்தக் கையைக்கூடப் பார்க்கக் கூசியது. படுத்தால், தான் தலையாட்டியது ஞாபகம் வந்தது. தலையணையில் தலையை அசைக்கவே பயமாக இருந்தது. பிரமிளா கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசம்.

ஐந்தாம் நாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே முத்தம்மா வீட்டுக்குப் போனார். அவர் அடுப்படியில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அக்கா, எனக்குக் கை வரைய வராது.”

“தெரியும் தம்பி.”

“எப்படி?”

“படத்துக்கு உக்காந்த மறுநாளு, பேத்திங்க வேன்ல விட்ட குடைய வாங்க உங்க வீட்டுக்கு வந்தேன்ல, அப்ப படமெல்லாம் பாத்தேன். ஒருத்தருக்கும் கை இல்ல.”

“அப்ப ஏன் எனக்காகப் பொய் சொன்னீங்க?”

“அத்தன பேரு முன்னால நீங்க முழிச்சீங்க. பாவமா இருந்துச்சு.” அடுப்பை அணைத்தார். “வரையத் தெரியலன்னா போகுது. நான் என் கைய அசிங்கம்னு சொன்னேன். நீங்க ஆமான்னு தலையாட்டினீங்க பாருங்க...”

எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார்.

“அசிங்கம் இல்லக்கா,” என்றார் சுகுமாரன். “எனக்குத் தெரியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். நிரோஷாகிட்ட மொதல்ல போன்ல சொல்லிட்டுத்தான் வாரேன்.”

பையிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்தார். பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முத்தம்மா முந்தானையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வலது கையை மேசையில் வைத்தார்.

சுகுமாரன் பார்த்தார், ஒரு கோடு போட்டார். நிமிர்ந்து பார்த்தார், அழித்தார். பார்த்தார், போட்டார், அழித்தார். தாளின் அந்த இடம் தேய்ந்து பஞ்சாகிவிட்டது. வேறு தாள் எடுத்தார்.

“கட்டைவிரல இன்னொரு தடவ பாக்கணும்கா,” என்றார்.